காந்தள் படரும் கொல்லிமலை

செங்காந்தளை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க நினைப்பவர் நர்சரிக்குப் போவதற்கு முன் ஒருமுறை கொல்லிமலைக்குப் போய் வருவது நல்லது. தமிழ்நாட்டின் மாநில மலர் இது. ஆனாலும் வீட்டுத் தோட்டங்களில் அபூர்வமாகத்தான் தென்படுகிறது. ஆசையாகக் கிழங்கு வாங்கி நட்டவர்கள் பலர் ஒரே பருவத்தோடு கைவிட்டு விடுகிறார்கள். சிலரிடம் கிழங்கு முதல் மழையிலேயே அழுகிப்போகிறது. சிலரிடம் முளைத்த கொடி பற்றிக்கொள்ள ஏதும் இல்லாமல் சாய்ந்து ஒடிகிறது. நன்றாகப் பூத்த செடியைக்கூட, தை மாதத்தில் கொடி காய்ந்ததும் செத்துவிட்டது என்று எண்ணித் தொட்டி மண்ணோடு குப்பையில் கொட்டுகிறவர்கள் உண்டு. இந்த மூன்று இழப்புக்கும் காரணம் ஒன்றே: செடி தன் இடத்தில் எப்படி வாழ்கிறது என்பதைப் பார்க்காமல் வளர்ப்பது. கொல்லிமலையில் காந்தளுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் வைப்பதில்லை. மழை வந்ததும் முளைத்து, புதரில் ஏறி, பூத்து, காய்த்து, மறுபடி மண்ணுக்குள் போய்விடுகிறது.

நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்கிறது கொல்லிமலை. பரப்பு சுமார் 280 சதுர கிலோமீட்டர். மேல்பகுதி கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரம். சமவெளியிலிருந்து சுவர்போல எழுந்து, மேலே போனதும் மேடும் பள்ளமுமாக விரிகிறது. நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் பேருந்துகள் உண்டு. முதன்மைச் சாலை மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஏறத் தொடங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு சாலை இருக்கிறது. காந்தளைப் பார்க்கப் போகிறவருக்குக் காரவள்ளிச் சாலையே ஏற்றது. அடிவாரத்து முட்புதர்க் காட்டிலிருந்து மேலே குளிர்ந்த மரச்சோலை வரை மலையின் எல்லா அடுக்குகளையும் அது ஒரே ஏற்றத்தில் காட்டிவிடுகிறது.

போகும் காலம் முக்கியம். சித்திரையில் போனால் ஒரு கொடிகூடக் கண்ணில் படாது. ஆடி பதினெட்டை ஒட்டிச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது கூட்டம் கூட்டமாக மக்கள் மலையேறுவார்கள். அப்போது காந்தள் பெரும்பாலும் இளங்கொடியாக இருக்கும். பார்த்துப் பழகாதவர் அதைப் புல் என்றே நினைப்பார். புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரைதான் பூக்காலம். கார்த்திகைப்பூ என்ற பெயர் வந்தது அதனால்தான். அந்த மாதங்களில் மழையும் மூடுபனியும் இருக்கும். வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர் பூவைத் தேடக் கூடாது. ஓரமாக நிறுத்த இடம் உள்ள திருப்பத்தில் இறங்கி நடந்து பார்ப்பதே சரி.

இறங்கிப் பார்த்தால் முதலில் கவனிக்க வேண்டியது பூவை அல்ல, அது நிற்கும் மண்ணை. சாலைக்காக வெட்டிய சரிவுகளில் மண்ணின் குறுக்குவெட்டு தெளிவாகத் தெரியும். மேலே இலைமக்கு கலந்த மெல்லிய கருமண், அதன்கீழ் சரளையும் செம்மண்ணும், இடையிடையே பாறை. நல்ல மழை பெய்து ஓய்ந்த அரைமணி நேரத்தில் சரிவில் நீர் நிற்பதில்லை. ஈரம் மட்டும் மிஞ்சுகிறது. காந்தள் முளைப்பது இத்தகைய இடங்களில்தான்: பாறை இடுக்கு, புதரடி, வரப்போரம், காட்டு விளிம்பு. நீர் தேங்கும் பள்ளத்தில் தேடினால் கிடைக்காது.

வீட்டில் கிழங்கு அழுகுவதற்கான காரணம் இங்கேயே விளங்கிவிடுகிறது. காந்தளுக்கு மழை வேண்டும், தேங்கும் நீர் ஆகாது. களிமண் தோட்டத்தில் அப்படியே குழி தோண்டி நட்டால் அந்தக் குழியே தொட்டியாகி நீரைப் பிடித்துக்கொள்ளும். அத்தகைய மண்ணில் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு நட வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் அல்லது பொடிச்சரளை ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவை போதும். தொட்டியில் வளர்ப்பவர் ஓரடிக்குக் குறையாத ஆழமும் அகலமும் உள்ளதை எடுத்து, அடியில் துளைகள் அடைபடாதபடி ஓட்டாஞ்சில்லு பரப்பி, மேலே இந்தக் கலவையை நிரப்பலாம். மண்ணின் கார அமிலத்தன்மை 6 முதல் 7 வரை இருந்தால் செடிக்கு ஒத்துப்போகும். மக்காத சாணத்தை மட்டும் போடக் கூடாது. அதன் சூடும் அதில் வரும் புழுவும் பூஞ்சையும் கிழங்கைத்தான் முதலில் தாக்கும்.

வளைவுகள் முடிந்து சோளக்காடு என்னும் ஊரை அடைந்தால் மலையின் விளைச்சல் முழுவதும் சந்தையில் குவிந்திருக்கும். பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு, காபிக்கொட்டை என்று பருவத்துக்கேற்ப மாறும். மலையின் தலைமை ஊர் செம்மேடு. இங்கே வாழும் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள், தமிழ் பேசுபவர்கள். ஊர்த் தொகுதிகள் நாடுகளாகப் பிரிந்திருக்கின்றன: வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, தின்னனூர்நாடு என்று 14 நாடுகள். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களில் பிற்காலத்தில் மரவள்ளியும் மிளகு ஏற்றிய சில்வர் ஓக் மரங்களும் பரவின. மலையின் பழைய சிறுதானிய வகைகளைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறது.

செம்மேட்டில் வில்லேந்திய ஓரியின் சிலை நிற்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் ஆண்ட மலை இது. ஓரியின் கொல்லிமலையையும் அங்குள்ள பாவையையும் குறிப்பிடும் கபிலரின் பாடல் ஒன்று குறுந்தொகையில் 100ஆவது பாட்டாக இருக்கிறது. மலைநெல் விதைத்து, களை எடுத்து வாழும் சிற்றூர் ஒன்று அதில் வருகிறது. அந்த ஊருக்குக் காந்தளே வேலி. குறிஞ்சிப்பாட்டில் அதே கபிலர் அடுக்கும் மலர்ப் பட்டியலும் செங்காந்தளில்தான் தொடங்குகிறது. காந்தளைத் தமிழர் பூவாகப் போற்றிய சான்றுகள் சங்க நூல்களில் நிறையவே உண்டு. தோட்டக்காரருக்கோ அவற்றிலெல்லாம் பயன்மிக்கது அந்த வேலிக் குறிப்புத்தான். காந்தளை எங்கே நட வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கிடைத்த விடை அது.

ஏன் வேலி? கொடியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகும் வழியில், தோட்ட ஓரத்து உன்னிப் புதர்களின் ஊடே ஏறியிருக்கும் கொடிகளில் இதை எளிதாகக் காணலாம். அவரைக்கொடியைப்போலக் காந்தள் தண்டால் சுற்றிக்கொண்டு ஏறுவதில்லை. பாகலைப்போலத் தனியாகப் பற்றுக்கம்பிகளும் விடுவதில்லை. இலையின் நுனியே ஒடுங்கி, நீண்டு, சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. கீழ்ப்பகுதி இலைகளில் அந்தச் சுருள் இருக்காது. தண்டு அரையடி, ஓரடி எழுந்தபின் வரும் இலைகளில்தான் தோன்றும். சுருள் மிகச் சிறியது. பென்சில் பருமனுக்கு உட்பட்ட குச்சியையோ, கம்பியையோ, அண்டைச் செடியின் காம்பையோ அது பற்றும். மூங்கில் கழியையும் இரும்புக் குழாயையும் சுவரையும் பற்ற அதனால் இயலாது.

வீடுகளில் காந்தள் சாய்ந்து விழுவது இதனால்தான். தடித்த கொம்பு ஒன்றை நட்டு, கயிற்றால் கட்டிவிட்டு, கொடி ஏறவில்லையே என்று வருந்துகிறார்கள். அதற்கு வேண்டியது மிலாறு மிலாறாகக் கிளைத்த புதர். அல்லது கம்பி வலை. பழைய முள்வேலி, செம்பருத்தி வேலி, மருதாணிப் புதர், கோழிவலை அடித்த சட்டம், எதுவானாலும் சரி. 5 அடியிலிருந்து 10 அடி வரை கொடி ஏறும். தாங்கலைக் கிழங்கு நடும் அன்றே அமைத்துவிட வேண்டும். தண்டு கண்ணாடிபோல முறியும் தன்மை உடையது. முளைத்தபின் கம்பு ஊன்றினால் கிழங்கில் குத்தும். சாய்ந்த தண்டை நிமிர்த்தினால் ஒடியும். குருத்து ஒடிந்த தண்டு அந்தப் பருவத்தில் பூப்பது அரிது.

வேலிப்புதரில் வளர்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. புதரடியில் நிழல் விழுவதால் கிழங்கு இருக்கும் மண் குளிர்ந்திருக்கும். கொடியின் மேல்பாதி வெயிலைப் பார்க்கும். காந்தளுக்கு வேண்டிய ஏற்பாடு இதுவே. முழு நிழலில் தண்டு நீளும், பூக்காது. சமவெளியின் உச்சிவெயில் நாள் முழுதும் விழுந்தால் இலை நுனி கருகும். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும் கிழக்குப் பக்க வேலி மிகப் பொருத்தம். மாடியில் வளர்ப்பவர் தொட்டியைச் சுற்றி வேறு சிறு செடிகளை நெருக்கி வைத்து இந்த நிழலை உண்டாக்கலாம்.

வளப்பூர்நாட்டில் உள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. அய்யாறு அங்கே செங்குத்தாக விழுகிறது. இறங்கும்போது அருவியின் இரைச்சலை நோக்கி விரைகிறவர்கள், மூச்சு வாங்க நின்று நின்று ஏறும்போதுதான் படியோரச் செடிகளைக் கவனிப்பார்கள். காந்தள் பூத்திருந்தால், அவசரமில்லாமல் நின்று பார்க்க அதுவே நேரம்.

மொட்டு பச்சையாய்த் தலைகவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் காம்பை நோக்கி மேலே மடிகின்றன. பூவின் முகம் மட்டும் தரையைப் பார்த்தபடியே இருக்கிறது. இதழ்களின் ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும். முதலில் பசுமஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு என்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிறம் மாறும். ஒரே கொடியில் மூன்று நிலைப் பூக்களையும் ஒருசேரக் காணலாம். சூலகத்திலிருந்து கிளம்பும் சூல்தண்டு நேரே கீழே போகாமல், அடியிலேயே செங்குத்தாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீள்கிறது. ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் வெளிப்புறம் விரிந்து, தம் மகரந்தப் பைகளைச் சூல்முடியிலிருந்து எட்டவே வைக்கின்றன. ஒரு பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் தானாக விழ வாய்ப்பு குறைவு. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து, இறக்கையாலும் உடலாலும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பூவுக்காக மட்டும் வளர்ப்பவருக்கு இந்த அமைப்பு ஒரு வியப்பு, அவ்வளவே. விதைக்காக வளர்ப்பவருக்கோ இது பெரிய வேலை. பூச்சி வருகை போதாத இடங்களில், காலையில் தூரிகையோ பஞ்சோ கொண்டு ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். தூக்கி எறியும் விதைக்கு இவ்வளவு உழைப்பு யாரும் செய்யமாட்டார்கள். கொல்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காகவே இந்த விதை விலைபோகிறது. வீட்டில் காய் பிடிக்கவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. காய் முற்ற விடாமல் வாடிய பூவோடு கிள்ளிவிட்டால் கிழங்கு பருக்க உதவும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது பாதுகாப்பும்கூட.

மலை குளிராக இருப்பதால் பியோனி போன்ற குளிர்நாட்டுப் பூக்களைக் கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சீனத்து லுவோயாங் நகரம் பியோனிக்காகவே விழா எடுக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் ஒரே குத்து ஐம்பது ஆண்டுக்கு மேல் பூப்பதும் உண்டு. அதுவும் ஆண்டுதோறும் மண்ணுக்கடியில் ஒடுங்கி உறங்கும் செடிதான். ஆனால் அதன் உறக்கத்துக்குக் குளிர் வேண்டும். உறைநிலையை ஒட்டிய குளிர் வாரக்கணக்கில் நீடித்தால்தான் அதன் மொட்டு மறுபடி கண்விழிக்கும். இந்தியாவில் காட்டுப் பியோனி மேற்கு இமயமலையில், காஷ்மீர் முதல் உத்தராகண்ட் வரை இருக்கிறது. கொல்லிமலையின் மார்கழிக் குளிர் மனிதருக்குப் போர்வை கேட்கும், பியோனிக்குப் போதாது. காந்தளின் உறக்கம் வேறு வகை. அதை உறங்க வைப்பது வறட்சி, எழுப்புவது மழை. ஆகவே கோடையும் பருவமழையும் மாறி மாறி வரும் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், கடற்கரை மணலிலும்கூட, காந்தள் வளரும். இங்கே பியோனியின் இடத்தில் வைத்துக் கொண்டாடத்தக்க பூ இதுதான். அதைவிட எளிதில் பூப்பதும் இதுதான்.

கிழங்கைப் பார்க்க மலையிலிருந்து இறங்க வேண்டும். நாமக்கல், கரூர் வழியாகத் தென்மேற்கே போனால் அரவக்குறிச்சி, மூலனூர், தாராபுரம் வட்டாரம் வருகிறது. செம்மண்ணும் சரளையும் குறைந்த மழையும் உள்ள வறண்ட நாடு. இங்கும் ஒட்டன்சத்திரம் பக்கமும் வேதாரண்யம் மணற்பாங்கிலும் காந்தள் பயிராகிறது. விவசாயிகள் வாயில் அதன் பெயர் கண்வலிக்கிழங்கு. சிலர் கலப்பைக்கிழங்கு என்பார்கள். ஆடி மழையை நம்பி ஆனி, ஆடியில் நடுகிறார்கள். கிளுவை, விராலி மிலாறுகளையும் கம்பிகளையும் வரிசையாக நிறுத்தி அவற்றின்மேல் கொடியேற்றுகிறார்கள். கொல்லிமலையில் புதர் செய்யும் வேலையை இங்கே விவசாயி செய்கிறார். நட்டதிலிருந்து காய் பறிக்க 160 முதல் 180 நாள் ஆகும்.

கிழங்கு இரு கைகளாகப் பிரிந்து, கலப்பையின் வளைவில் இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். அந்த நுனி முறிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. மரவள்ளிக் குச்சியைப்போல இடையில் வெட்டி நட இது உதவாது. வாங்கும்போது பார்க்க வேண்டியவை: நுனி முழுதாக இருக்க வேண்டும், அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், கறுத்த புள்ளியோ பூஞ்சணமோ கூடாது, ஒரு துண்டு 50 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் முதல் ஆண்டே பூக்கும். சிறு துண்டுகளும் முளைக்கும், ஆனால் பூவுக்கு ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டும். விதையிலிருந்து வளர்த்தால் இன்னும் பொறுமை வேண்டும். முளைப்பதே மெதுவாக நடக்கும், பூக்க மூன்று நான்கு ஆண்டு ஆகலாம்.

நடும் முறை எளிது. தாங்கலிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கைந்து விரல் ஆழத்தில், கிழங்கைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, முளைக்கண் சற்று மேல்நோக்கி இருக்கும்படி மண்ணால் மூடவேண்டும். செடிக்குச் செடி ஒன்றிலிருந்து ஒன்றரை அடி இடைவெளி. நடுவதற்கு முன் கார்பண்டசிம் கரைசலில், ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் அளவில், அரைமணி நேரம் ஊறவைப்பது அழுகலைத் தடுக்கும். நட்ட அன்று ஒருமுறை நனைத்தால் போதும். முளை வெளியே வரும்வரை மண் மேலே காய்ந்தபின்தான் அடுத்த நீர். பலர் இங்கேதான் அவசரப்பட்டு நாள்தோறும் ஊற்றுகிறார்கள். முளைக்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். மண்ணைக் கிளறிப் பார்த்தால் முளை ஒடியும்.

கொடி ஏறத் தொடங்கியபின் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நீர், மழை பெய்தால் அதுவும் வேண்டாம். மாதம் ஒருமுறை கைப்பிடி மண்புழு உரமும், மொட்டு வரும் சமயத்தில் கொஞ்சம் மரச்சாம்பலும் நல்ல பலன் தரும். யூரியா போட்டால் கொடி தழைக்கும், பூ குறையும். பூக்கும் வாரங்களில் மட்டும் மண் முழுதாக வறளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூச்சிகளில் ஒன்றை மட்டும் அறிந்து வைத்தால் போதும்: கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் உள்ள புழு. காந்தள் குடும்பத்துச் செடிகளையும் லில்லிச் செடிகளையும் தேடி வந்து தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் புழு இது. கூட்டமாக வந்தால் இரண்டு மூன்று நாளில் இலையெல்லாம் போய்விடும். நிறம் பளிச்சென்று தெரிவதால், காலையில் கையுறை போட்டுப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். இரண்டு மூன்று செடி உள்ள வீட்டுக்கு மருந்தடிக்கத் தேவையே இல்லை. தொடர்மழையில் இலையில் பழுப்புத் திட்டுகள் பரவினால் அந்த இலைகளை அகற்றி, காற்றோட்டம் கிடைக்கும்படி புதரைக் கழிக்க வேண்டும். தண்டின் அடி மென்மையாகி மஞ்சளானால் அது வேரழுகல். அந்தக் கிழங்கைத் தோண்டி எறிந்து, அதே குழியில் மறுபடி நடாமல் இருப்பதே வழி.

மார்கழி, தை மாதங்களில் இலைகள் மஞ்சளாகும். காய் வெடித்து ஆரஞ்சுச் சிவப்பு விதைகள் தெரியும். பிறகு தண்டு காய்ந்துவிடும். இங்கே தண்ணீரை நிறுத்த வேண்டும். பழைய கிழங்கு இந்நேரம் சுருங்கிச் சக்கையாகி, அதன் இடத்தில் புதிய இரட்டைக் கிழங்கு உருவாகியிருக்கும். காய்ந்த தண்டைத் தரையளவில் வெட்டிவிட்டு, கிழங்கை மண்ணிலேயே விடலாம். தொட்டியில் இருந்தால் மழையும் குழாய்நீரும் படாத மூலையில் ஒதுக்கி வைக்கலாம். பாத்தியைப் பிற பூச்செடிகளோடு பகிர்ந்திருந்தால் அவற்றுக்கு ஊற்றும் நீர் கிழங்கை அழுக வைக்கும். அப்போது மட்டும் தோண்டி எடுத்து, காய்ந்த மணலில் புதைத்து வைத்து, அடுத்த ஆனியில் நடலாம். ஒன்று இரண்டாகப் பெருகுவதால் சில ஆண்டுகளில் வேலி முழுவதும் நிறைந்துவிடும்.

காந்தளைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றுள் மிக முக்கியமானது அதன் நஞ்சு. இலை, பூ, விதை, கிழங்கு எல்லாமே நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கொல்சிசின் என்னும் பொருள் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் உடலில் வேகமாகப் புதுப்பிக்கப்படும் குடல் உட்சுவரும் எலும்பு மச்சையும் முதலில் பழுதாகின்றன. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அது அடங்குவதுபோல் தோன்றும் வேளையில் சிறுநீரகம், இதயம், இரத்தம் என்று பாதிப்பு ஏறும். பிழைத்தவர்களுக்குப் பின்னர் தலைமுடி கொட்டுவதும் உண்டு. எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை. இலங்கையில் நியங்கலா என்று அழைக்கப்படும் இதே கிழங்கை, உண்ணும் கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உயிரிழந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். கொல்லிமலை மக்கள் காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டிச் சமைப்பவர்கள். எது உணவு, எது நஞ்சு என்பது அவர்களுக்குத் தலைமுறை அறிவு. நகரத்து வீட்டில் அந்த அறிவு இல்லை. எனவே சேமித்த கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. பெயரும் நஞ்சு என்ற எச்சரிக்கையும் எழுதிய பெட்டியில், எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். நடும்போதும் வெட்டும்போதும் கையுறை கட்டாயம். தவழும் குழந்தையோ, செடியைக் கடிக்கும் நாயோ ஆடோ உள்ள வீட்டில் இரண்டு மூன்று ஆண்டு பொறுத்து நடுவதே நல்லது. யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மூட்டுவலிக்கோ வேறெதற்கோ வீட்டுச் செடியிலிருந்து மருந்து செய்து பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

அதே நஞ்சுதான் அளந்து கொடுக்கும்போது மருந்து. இதன் ஐரோப்பிய உறவுச் செடி ஒன்றிலிருந்து 1820இல் பெல்லெத்தியே, கவந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருத்துவர்கள் இன்றும் இதைத் தருகிறார்கள். 1937இல் இது செடிகளின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் என்று தெரிந்தபின், பயிர்ப் பெருக்க ஆய்வுகளுக்கும் கருவியானது. தமிழ்நாட்டு விதை வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்குப் போவது இதனால்தான். பூவுக்கும் உலகில் மதிப்பு உண்டு. ஜிம்பாப்வேயின் தேசிய மலர் இது. ஜப்பானின் கோச்சி மாவட்டத்தில் இதைக் கொய்மலராகப் பசுங்குடிலில் வளர்க்கிறார்கள். நறுக்கிக் குவளையில் வைத்த தண்டு ஒரு வாரம் வரை வாடாது.

தேவை மிகும் செடி காட்டிலிருந்து களவு போவதும் வழக்கம். கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும். பூப்பறித்தாலும் அந்தக் கொடியின் விதை போகிறது. காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடியையோ கிழங்கையோ எடுப்பது குற்றம். சுற்றுலா வருகிறவர்கள் நினைவுக்காகப் பிடுங்கும் ஒவ்வொரு கிழங்கும் பெரும்பாலும் பயனற்றுத்தான் போகிறது. பூக்கும் பருவத்தில் தோண்டிய கிழங்கு முற்றியிராது. முளைக்கண்ணும் பையில் வரும் வழியிலேயே ஒடிந்துவிடும். மூலனூர், தாராபுரம் பக்கத்து விவசாயிகளிடமோ நம்பகமான நர்சரியிலோ, வைகாசி இறுதியில் உறக்கம் கலையும் முன் கேட்டால் நல்ல கிழங்கு கிடைக்கும். பயிர் செய்த கிழங்கை வாங்கி வேலியோரம் நடுங்கள். கொல்லிமலைக் காந்தளை மலையிலேயே விட்டு வாருங்கள்.